ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது

"நல்ல இடமாப் பாரு" என்று அண்ணன் போனில் சொன்னான். எனக்கு மாப்பிள்ளை தேடிய காலத்திலும் இதையேதான் சொன்னான், இதே குரலில். அப்போதும் அவன் சென்னையில் இருந்தான், அப்பா ஊர் ஊராக அலைந்தார். இப்போதும் அவன் சென்னையில்தான் இருக்கிறான். அலைய வேண்டியவள் நான், இடம் பார்க்க வேண்டியது அப்பாவுக்கு.

ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு வந்தது, ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாம். தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறியது. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனதும் அவர்களுக்கு அப்பாவிடம் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், நாளை மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஸ்பூனில் ஊட்ட வேண்டும், தினமும் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும் என்று ஒப்பிப்பது போல அடுக்கினார்.

"எந்த வீட்டுக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

நான் ஏதோ ஜோக் அடித்ததாக நினைத்து அவர் சிரித்தார். கூட வந்த நர்ஸும் சிரித்தது. அந்த பெட்டுக்கு அடுத்த ஆள் கீழே காத்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் வயிறு எரிந்தது.

எந்த வீடு என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் மைன்ஸ் வேலைக்கு வந்தவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த காலம் வரை குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். வடலூர் ரோட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். அம்மா போன பிறகு அண்ணன் சென்னையில் ஃபிளாட் வாங்கினான். "அப்பா இனிமே எங்ககூடத்தானே இருக்கப்போறாரு, அந்த வீடு எதுக்கு?" என்று அவனே கேள்வியும் கேட்டு, அவனே பதிலும் சொல்லி, வீட்டை விற்க வைத்தான். அப்பா அந்த ஃபிளாட்டில் கொஞ்ச நாள் இருந்துபார்த்தார். ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அண்ணனும் கூப்பிடவில்லை.

எங்கள் வீடும் குவார்ட்டர்ஸ்தான். என் வீட்டுக்காரர் தெர்மல் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை, பர்மனென்ட். நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு மாடியில். படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்றால், என் கல்யாணச் சீர் பீரோவையே கழற்றித்தான் மேலே ஏற்றினார்கள். ஒரு பக்கம் மரக்கட்டையாகிப் போன மனிதரை அதில் எப்படி ஏற்றுவது? ஏற்றினாலும், நான் பள்ளிக்கூடத்தில், இவர் ஷிப்ட்டில் இருக்கும்போது யார் பார்ப்பது? அதனால்தான் இடம் தேடினேன்.

கீழ்வீட்டு அம்மா, "ஹோம்ல கொண்டுபோய் விடறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அந்த நாலு பேரில் ஒருத்தரை அனுப்பி வையுங்கள், அப்பாவைப் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்றேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று, அந்த நேரமாவது மிச்சம்.

முதலில் போனது கடலூரிலேயே ஒரு இடம். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஊதுபத்தி வாசம், மேஜைக்குப் பின்னால் பட்டுச்சேலையில் ஒரு அம்மாள். அவர் பாத்ரூமுக்குத் தானாகப் போவாரா என்று கேட்டாள். மாட்டார். தானாகச் சாப்பிடுவாரா? மாட்டார். ராத்திரியில் தொந்தரவு இல்லாமல் தூங்குவாரா? அதுவும் சொல்ல முடியாது. அப்படியென்றால் எங்களுக்கு ஒத்துவராது என்று நகைக்கடையில் பேசுகிற மாதிரி இனிமையாகச் சொன்னாள். "இதெல்லாம் அவரே செஞ்சுக்கிட்டா நான் ஏங்க உங்ககிட்ட வர்றேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து, கண்ணாடிக் கதவை அவ்வளவு வேகமாகச் சாத்தாதே என்றார். உடையட்டும் என்றேன்.

அடுத்தது குறிஞ்சிப்பாடி. இவருடைய சொந்த ஊர். அங்கே வேலையிலிருந்து நின்ற ஒரு நர்ஸம்மா தன் வீட்டிலேயே படுத்த படுக்கையாக இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்று இவருடைய சித்தப்பா சொன்னார். உண்மையிலேயே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். யாரிடமும் நாற்றம் இல்லை. எல்லோருக்கும் தலை சீவி விட்டிருந்தது. எனக்கு அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இடம் இல்லை. ஒரு கட்டில் காலியானால் போன் பண்ணுவதாகச் சொன்னாள். எப்படிக் காலியாகும் என்பது எனக்கு வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. யாரோ ஒருத்தியின் அம்மா செத்தால் என் அப்பாவுக்கு இடம். அந்தப் போனுக்காகக் காத்திருக்கிற ஆளாக என்னை ஆக்கிவிட்டார்களே என்று யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது. வழியெல்லாம் இவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

இதற்குள் அண்ணன் சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு இடத்தைப் பிடித்துவிட்டான். பண்ருட்டி ரோட்டில், முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு ஹோம். போனில் படமெல்லாம் அனுப்பினான். பச்சைப் புல், வெள்ளைக் கட்டில், கையெடுத்துக் கும்பிடும் கிழவர்கள். நான் பார்த்துவிட்டு வருவதற்குள் பணத்தையும் கட்டிவிட்டான். "நீ அலைஞ்சுக்கிட்டே இருப்ப, நான் முடிச்சிட்டேன்" என்றான். ஒரு நாள் முழுக்க அந்த 'முடிச்சிட்டேன்' என் காதில் குடைந்துகொண்டே இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று வந்தான். வரவில்லை என்று சொல்ல மாட்டேன். காரில் வந்தான், அப்பாவின் நெற்றியைத் தடவினான், ஆம்புலன்சில் கூடவே ஏறிக்கொண்டான். வழி முழுக்க அப்பா நல்ல கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஹோமில் இறக்கி, பக்கவாட்டில் கம்பி வைத்த இரும்புக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, இது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் குனிந்து அப்பா தோளில் கை வைத்தான்.

"கொஞ்ச நாள் இங்க பாத்துக்குங்கப்பா. நான் வந்து உங்களை ரிலீவ் பண்றேன்."

அப்பா முகம் தெளிந்துவிட்டது. சரி என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளில் நான் அந்தத் தெளிவைப் பார்க்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினான். அன்று சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் சொன்னது என்ன வார்த்தை என்பதை டவுன்ஷிப்பில் பிறக்காதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா மைன்சில் கன்வேயர் ஆபரேட்டர். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி வருகிற பெல்ட்டை ஓட்டும் மோட்டார்களுக்குப் பக்கத்தில் தகரத்தில் ஒரு கேபின் இருக்கும். அதில் ஒரே ஒரு ஆள். ஷிப்ட் முடிந்தாலும் அவர் எழுந்து வரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், கேபினுக்குள் வந்து நின்று, எது ஓடுகிறது, எதில் சத்தம் கேட்கிறது என்று கேட்டுக்கொண்டு சார்ஜ் எடுத்த பிறகுதான் இவர் இறங்கலாம். ரிலீவர் வரவில்லையென்றால் அடுத்த ஷிப்ட்டையும் இவரே பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் டபுள். இருக்கிற ஆள் பாதியில் எழுந்துபோனால் அதைவிடப் பெரிய குற்றம் மைன்சில் கிடையாது.

எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் இந்த ரிலீவரால்தான். அப்பாவுக்கு வாய்த்த ரிலீவர் ஒருத்தர் அடிக்கடி மட்டம் போடுவார். அம்மா வடித்த சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் நின்று, முகம்கூடத் தெரியாத அந்த மனிதரைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவாள். டபுள் பார்த்துவிட்டு அப்பா கரித்தூளோடு வந்து நிற்பார். நாளைக்கு அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கள் என்பாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றியபடி, "அவனுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ" என்பார். அம்மாவுக்கு அந்த ரிலீவர் மேல் இருந்ததைவிட இந்த வார்த்தையின் மேல்தான் கோபம் அதிகம். எனக்கும்தான். அம்மாவின் கோபம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது, அப்பாவின் பொறுமை கொஞ்சமும் வரவில்லை.

இந்த வீட்டில் வளர்ந்தவன்தான் என் அண்ணன். ஷிப்ட் சைரன் சத்தத்துக்கு எழுந்து, சைரன் சத்தத்துக்குச் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்பா எந்த வார்த்தைக்குத் தலையாட்டுவார் என்று அவனுக்குத் தெரியும். வெளியாள் எவனாவது, கொஞ்ச நாள் இருங்க பெரியவரே, வந்துடறோம் என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அப்பா அன்று ராத்திரியே மறந்திருப்பார். இவன் அப்பாவுக்கு டூட்டி போட்டுவிட்டுப் போனான்.

ஹோமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். அதற்கு முன்பே அங்கிருந்து போன் வந்தது. பேசியது மேனேஜரம்மா. "உங்கப்பா ரொம்ப அடம் புடிக்கிறாருங்க. கட்டில் கம்பிய புடிச்சிகினு உடவே மாட்டேங்கிறாரு. படுக்க சொன்னா படுக்கறதில்ல, கைய எடுத்தா அடிக்க வராரு" என்றாள். அப்பா யாரையும் அடித்ததில்லை. எங்களையே அடித்ததில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். புது இடம், முதலில் அப்படித்தான் இருக்கும், போகப் போக செட் ஆகிவிடுவார் என்றான். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குப் பொறுக்கவில்லை. மதியமே பள்ளிக்கூடத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த இவரைச் சாப்பிடக்கூட விடாமல் வண்டியை எடுக்க வைத்தேன். கேட்டில் இருந்த ஆள், இன்று பார்க்கும் நாள் இல்லை என்றான். உன் நாளை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அப்பாவின் வலது கை, இருக்கிற ஒரே நல்ல கை, கிழித்த வேட்டித் துணியால் கட்டிலின் கீழ்ச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மணிக்கட்டில் தோல் வழண்டு சிவந்திருந்தது. படுக்க வைத்திருந்தார்கள், ஆனால் அவர் தலையைத் தூக்கியே வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் இரண்டும் தூக்கம் இல்லாமல் பழுத்துப்போயிருந்தன. அந்தத் துணி அப்பாவின் வேட்டி. நான் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பிய வேட்டி.

என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி அழ ஆரம்பித்துவிட்டது என்று இவர் பிறகு சொன்னார். முடிச்சை அவிழ்க்க வராமல் பல்லால் கடித்து இழுத்தேன். கை விடுபட்டதும் அப்பா என்னைக் கூடப் பார்க்கவில்லை. அந்தக் கை நேராகக் கட்டில் கம்பிக்குப் போய் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதைப் பிடித்தே இழுத்து இழுத்து எழுந்து உட்கார்ந்தார்.

மேனேஜரம்மா ஓடிவந்தாள். அவளுக்கும் கோபம். "இத்தினி பேருக்கு நாங்க ரெண்டே பொம்பளைங்க. இவரு எய்ந்து கீய உழுந்து மண்ட ஒடஞ்சா அப்பவும் நீங்கதான வந்து கேப்பீங்க?" என்றாள். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் என் எரிச்சல் இரண்டு மடங்கானது. அவர் ஏதோ இங்கிலீஷில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் சொன்னாள்.

நான் அப்பா முகத்துக்கு அருகே குனிந்து, என்னப்பா வேண்டும் என்று கேட்டேன். அவர் உதட்டைக் கூட்டிச் சேர்ப்பதற்கு நேரம் ஆனது.

"ரிலீவர்... வரல."

இந்த மனிதர் இத்தனை நாளும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் வந்து மாற்றிவிடுவதாகச் சொன்னான், அவன் வராமல் எப்படிப் படுப்பது, எப்படித் தூங்குவது? கம்பியை விட்டால் பெல்ட்டை விட்ட மாதிரி. கையைக் கட்டிய பிறகும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். நான் அழவில்லை. அண்ணன் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் அந்த வேட்டித் துணியால் அவனை அதே கட்டிலில் கட்டியிருப்பேன்.

இவர்தான் முன்னால் வந்தார். ஷிப்ட் முடித்து வந்த அதே காக்கிச் சட்டையோடு இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நேராக நின்று, "மாமா, நான் வந்துட்டேன். சார்ஜ் குடுங்க" என்றார்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பெல்ட் ஓடுகிறது. ஒரு ரோலரில் சத்தம் வருகிறது. தண்ணீர் தேங்கியிருக்கிறது, வழுக்கும். இவர் ஒவ்வொன்றுக்கும் சரி மாமா, சரி மாமா என்றார். கடைசியில் அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரிந்தன. அப்படியே சாய்ந்தார். சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை வந்துவிட்டது. மேனேஜரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம வூட்டுக்கே இட்டுகினு போயிடலாம். படி குறுகலா இருந்தா என்னா, பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் மதியம், முதல் ஷிப்ட் முடிந்து வந்த இவருடைய ஆட்கள் நாலு பேர் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் போனில் குதித்தான். பணம் கட்டிச் சேர்த்த இடத்திலிருந்து தன்னைக் கேட்காமல் எப்படி அழைத்து வரலாம் என்றான். கோபம் வந்தால் உனக்குக் கண்ணு தெரியாது என்றான். தெரியாதுதான், கோபமே வராத உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்டேன். அப்பா கையைக் கட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். அவர்களோடு பேசுகிறேன் என்றான். அவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு கேபின் ஆகிவிட்டது. இவர் சிநேகிதர்களிடம் மாற்றிக்கொண்டு நைட் ஷிப்ட்டாகவே வாங்கினார். காலையில் வந்து அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பார். தூங்குகிற மாதிரி படுத்திருப்பார், அப்பா இருமினால் எழுந்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான். கஞ்சி, துணி மாற்றுவது, புரட்டுவது, கை கால் பயிற்சி, ராத்திரி முழுக்கக் காது ஒரு பக்கம். இடுப்பு விட்டுப்போனது. வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். இதையெல்லாம் பாசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாசம் இருந்தால் இடுப்பு வலிக்காதா?

ஒவ்வொரு நாளும் படுக்கும் முன்னால் அப்பாவின் கை, வாடகைக்கு வாங்கிப் போட்ட கட்டிலின் பக்கக் கம்பியைத் தேடும். ஹோமில் போட்ட டூட்டி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சார்ஜ் கொடுத்தால்தான் தூக்கம். முதல் தடவை நான் போய் நின்றபோது அப்பாவுக்கு ஒரு பக்கத்து வாயில் சிரிப்பு வந்தது, பொம்பளை ஆளா என்று. ஆமாம், இப்போதெல்லாம் பொம்பளைகளும் வருகிறார்கள் என்றேன். ரோலர் சத்தத்தை மறக்காமல் சொல்லிவிட்டுத் தூங்கினார்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் வந்தான். நான் நூறு தடவை கூப்பிட்டதற்கு ஒரு தடவை. பழம், ஹார்லிக்ஸ், விலை உயர்ந்த ஒரு தலையணை. அவன் அறைக்குள் நுழைந்ததும் அப்பா கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். நான் இத்தனை நாள் துணி மாற்றியதற்கு அந்த வெளிச்சத்தில் கால்வாசி எனக்குக் கிடைத்ததில்லை. பொறாமைதான், சொல்வதற்கென்ன?

"வந்துட்டியாய்யா?" என்றார் அப்பா.

"வந்துட்டேம்ப்பா" என்றான்.

அப்பா அவனுக்கு முழு சார்ஜும் கொடுத்தார். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னார். ராத்திரியில் ஒரு மோட்டார் சூடாகிறது, தொட்டுப் பார்த்துக்கொள். மழை வந்தால் கேபின் ஒழுகும், மூலையில் சாக்கு இருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, சரிப்பா, சரிப்பா என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நானும் நம்பிவிட்டேன். அப்பா கம்பியை விட்டு, மல்லாந்து, வாயைத் திறந்து, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தூங்காத ஒரு தூக்கம் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டியும் பெரும்பாலும் தூக்கம்தான். கண் விழிக்கும்போதெல்லாம் நாற்காலியில் அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கினார்.

சாயங்காலம் அண்ணன் பையை எடுத்தான். சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தான், மறுநாள் ஆபீஸ். அப்பா எழுந்ததும் சொல்லிவிட்டுப் போ, ரெண்டு நாள் லீவு போடு, அவர் உன்னிடம்தான் சார்ஜ் கொடுத்திருக்கிறார் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, எழுப்பாதே, சொன்னால் கஷ்டப்படுவார் என்றான். நைசாகச் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் சத்தமில்லாமல் இறங்கினான். நான் மேலே நின்று, ஷிப்ட்ட விட்டு ஓடுறியா என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் நைட் ஷிப்ட்டுக்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், இல்லையென்றால் என் வாயை மூடியிருப்பார்.

அப்பா கண் விழித்தபோது விளக்கு போட்டாயிற்று. நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவன் எங்கே என்று கேட்டார். பாத்ரூமில், கடையில் என்று ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் பொய் சொல்கிற வேலையை ஒருத்தன் ஏற்கனவே பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"போயிட்டாம்ப்பா. உங்ககிட்ட சொல்லாமப் போயிட்டான்" என்றேன். "நான் இருக்கேன். நான் சார்ஜ் எடுத்துக்கிறேன், நீங்க தூங்குங்க."

அப்பா வெகு நேரம் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கை மெதுவாக நகர்ந்து போய்க் கட்டில் கம்பியைப் பிடித்தது.

"அவனுக்கு வீட்டுல... என்ன கஷ்டமோ" என்றார். நான் பல்லைக் கடித்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. "நீ பாத்தது போதும் தாயி. நீ போய்ப் படு. அவன் ஷிப்ட்ட... நான் டபுள் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு, எழுந்து உட்காருவதற்காகக் கம்பியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். நான் தோளைத் தாங்கிக்கொண்டே இன்னொரு கையால் அண்ணனுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில் போட்டு அப்பா வாய்க்கு அருகில் வைத்தேன். அப்பா, இப்போது சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். அப்பா சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் பஸ் இரைச்சலும் கண்டக்டர் குரலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

"கேட்டுச்சா?" என்றேன்.

"பஸ் பண்ருட்டிக்கு வந்துடுச்சே" என்றான் அண்ணன்.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்கு எந்நேரமும் பஸ் உண்டு.